ஓட்டல் வாசலில் அப்பாவின் தோணி

ஐப்பசி 14, வெள்ளி

கோபம் இன்னும் அடங்கவில்லை.

கும்மிடிப்பூண்டியில் எங்கள் கம்பெனி பக்கத்தில் புதிதாகத் திறந்த ஓட்டலுக்கு மத்தியானம் சாப்பிடப் போனேன். வாசலில் ஒரு பழைய மரத்தோணியை வைத்து, உள்ளே செடி நட்டிருந்தார்கள். 'கேரளத்துப் பாரம்பரியப் படகு' என்று ஒரு பலகை. அது பழவேற்காடு ஏரியில் அப்பா ஓட்டிய தோணி. முன்பக்கத்தில் அவர் உளியால் செதுக்கிய சிலுவையும், அதன் கீழே என் பெயரும் அப்படியே இருந்தன. புயல் அடித்துக்கொண்டு போய்விட்டது என்று அண்ணன் சொன்ன தோணி.

பெரியபாளையத்தில் ஒரு பழைய மரக்கடையில் வாங்கியதாக மேனேஜர் சொன்னார். ஷிப்ட் முடிந்ததும் பஸ் பிடித்துப் போனேன். கடைக்காரருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"உன் ஜாடைல ஒருத்தர்தாம்மா வண்டில ஏத்திக்கினு வந்தாரு. புயலுக்கு முந்தின நாளு. ஏசுதாஸ்னு பேரு."

அண்ணன்தான். அங்கிருந்தே போன் போட்டேன். அவன் மறுக்கவில்லை.

"அப்பா அந்தத் தண்ணிலதான் செத்தாரு. தோணி இருந்தா அம்மா என்னையும் அனுப்பியிருக்கும். பயமா இருந்துச்சி. அம்மாகிட்ட சொல்லாத."

பயந்ததை யார் தப்பு என்றார்கள்? விற்றுவிட்டேன் என்று சொல்லியிருக்கலாமே. அந்த மழையில் அம்மா கரையெல்லாம் தோணியைத் தேடி அலைந்தாள். இவனும் குடை பிடித்துக்கொண்டு கூடவே நடந்தான். "அந்தப் பக்கம் போய்ப் பாக்கலாம்மா" என்று வேறு சொன்னான்.

அம்மா தூங்குகிறாள். எழுந்ததும் சொல்லத்தான் போகிறேன்.