மாப்பிள்ளை வீட்டு ஆள்

செவ்வாய், நகரி.

என் மனநோய் பட்டாளத்தில் வந்ததல்ல என்று டிசபிலிட்டி பென்ஷனை மறுத்துவிட்டார்கள். அப்பீல் போட்டிருக்கிறேன்; நோய் நிஜம்தானா என்று விசாரிப்பார்களாம். காலையில் ஒருவன் வந்து என்னைப் பற்றி விசாரித்தான். பெண்ணுக்கு வரன் தேடுகிறோம் அல்லவா, மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று நினைத்து என் மனைவி காபி கொடுத்தாள்.

"அவருக்கு இன்னா கொறை? கல்லாட்டம் கீறாரு. படுத்தா நல்லா தூங்கறாரு."

நேற்று ராத்திரி நான் தூக்கத்தில் அலறியபோது அக்கம்பக்கத்துக்குக் கேட்காமல் என் வாயைப் பொத்தியவள் இவள்தான்.

"மாத்திரை எதனா போடறாரா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

அவன் எழுதிக்கொண்டான். கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். நல்ல இடம் என்று இவள் இன்னும் பூரித்துக்கொண்டிருக்கிறாள். பெண்ணின் நட்சத்திரத்தை அவன் கேட்கவே இல்லை.