பை வைத்த காக்கி ரவிக்கை

இன்று காலை தெருமுனையில் இஸ்திரிக்காரர் ஒரு போலீஸ்காரரின் சட்டையில் தண்ணீர் தெளித்துப் பெட்டியை வைத்தார். ஈரக் காக்கி சூடேறும்போது எழுமே ஒரு வாசம், வறுத்த கொள்ளும் சோப்பும் கலந்தாற்போல. நடந்துகொண்டிருந்தவன் நின்றுவிட்டேன். நீ செத்துப்போனபின் உன்னிடம் பேச எனக்கு வாய் வந்தது அப்போதுதான்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து, மீன்சுருட்டிப் பக்கத்து நம் ஊருக்கு நீ திரும்பியபோது துணிக்குக் கட்டுப்பாடு, ரேஷனில்தான் கிடைக்கும். பட்டாளத்தில் உனக்குத் துப்பாக்கி கொடுக்கவில்லை. தையல் மெஷின் கொடுத்தார்கள். ஜெயங்கொண்டத்தில் ஒன்றாகப் படித்த நாம் தனியாக இருந்தால் 'டா' போட்டுக்கொள்வோம். எங்கள் தெருவுக்குள் வந்தால் நீ என்னை 'வாங்க, போங்க' என்பாய். உங்கள் தெருப் பெண்கள் ரவிக்கை போட்டுக்கொண்டு எங்கள் தெருவில் நடக்கக் கூடாது என்பதும் அப்படித்தான். யாரும் எழுதிவைக்காமலே நடந்துவந்தது.

உன் பட்டாளத்துக் காக்கிச் சட்டை ஒன்றைப் பிரித்து உன் அம்மாவுக்கு ரவிக்கை தைத்தாய். அதுவரை நீ தைத்ததெல்லாம் சிப்பாய்களின் சட்டை. கைப்பழக்கத்தில் இதற்கும் மார்பில் மூடி போட்ட பை வைத்துவிட்டாய். பிரிக்கப் போனவனை அம்மா தடுத்தார்.

"இருக்கட்டுண்டா. வெத்தல வச்சிக்கிறேன்."

போட்டுப் பார்த்தவர் கையைத் தூக்கித் தூக்கி இறக்கினார். "யாரோ புடிச்சிக்கிட்டிருக்கற மாதிரி இருக்கு. கக்கம் வேற அறுக்குது." நீ ஒட்டுத்துணி வைத்துத் தளர்த்திக் கொடுத்தாய்.

சந்தைக்குக் கிளம்பியபோது ஏரிக்கரையால் சுற்றிப் போகலாம் என்றாய். உனக்குப் பயம். எனக்கும்தான். என் பெரியப்பா ஒரு வார்த்தை சொன்னால் உங்கள் வீட்டுக்கு ஊரில் எந்த வயலிலும் வேலை கிடைக்காது. அம்மா எங்கள் தெருவுக்குள் திரும்பினார். பின்னாலேயே நாம்.

பெரியப்பா மறித்தார். "என்னாடி இது வேசம்? கூத்தாடப் போறியா?"

அம்மா தலை குனிந்தபடிதான் சொன்னார். "வேசம் இல்லிங்க. சர்க்காரு துணி. பட்டாளத்துல இவனுக்குக் குடுத்தது. அவுக்கணும்னா சர்க்காருதாங்க சொல்லணும்."

பெரியப்பா ரவிக்கையின் பையைக் கைகாட்டினார். "பையி எதுக்கு?"

"வெத்தலைக்குங்க. பட்டாளத்துல தோட்டா வைப்பாங்களாம்."

எதிர்வீட்டுச் சித்தி களுக்கென்று சிரித்துவிட்டார். அதற்குமேல் கோபப்பட முடியாமல், "போ, போ" என்று கையை வீசினார் பெரியப்பா.

அந்த வாரம் உங்கள் வீட்டை யாரும் நடவுக்குக் கூப்பிடவில்லை. அடுத்த வாரம் கூப்பிட்டார்கள், நாற்று முற்றிக்கொண்டிருந்தது. பின்னால் நீ அரியலூரில் கடை போட்டதும், வெளியே தெரியாமல் ஒரு பை வைத்துத் தரச் சொல்லி ரவிக்கைத் துணியோடு ஆள் அனுப்பியவர் அதே சித்தி. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய்.

ஆனால் எனக்குள் தங்கியது வேறு. அன்று தெருவைத் தாண்டி முந்திரித் தோப்பை ஒட்டி நடக்கும்போது நீ கேட்டாய்: "எப்படிம்மா இருக்கு?"

மறித்ததைப் பற்றிச் சொல்வார் என்று நான் நினைத்தேன். அம்மா தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"வெயிலு படலடா."

பிறகு பத்திரிகைக்காரனாக எத்தனையோ ஊர் போனேன். உடையைப் பற்றி மானம், வழக்கம், நாகரிகம் என்று பேசுகிறவர்கள் எங்கும் இருந்தார்கள். அவர்கள் பேசியதையும் குறித்துக்கொண்டேன். குறித்து முடித்ததும், உடுத்தியிருந்தவரிடம் போய் நீ கேட்டதைத்தான் கேட்டேன்.