உங்கள் வீட்டைத் தாண்டிப் போன பலகை

பிப்ரவரி 11

அன்புள்ள தமாகிக்கு,

இங்கே பிளம் மரங்கள் இன்னும் மொட்டாகவே நிற்கின்றன. குளிர் விடுவதாக இல்லை. அங்கே உனக்குப் போதுமான கம்பளி தருகிறார்களா? கடிதங்களைச் சீர்திருத்த இல்லத்து ஆசிரியை படித்துவிட்டுத்தான் கொடுப்பார் என்று உன் அம்மா சொன்னார். படிக்கட்டும். இதை அவரும் தெரிந்துகொள்வது நல்லது.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. ஒரு வரிகூட நான் எழுதவில்லை. அப்பாவின் இடுப்பு வலி அப்படியேதான் இருக்கிறது. நானும் தெருவின் அதே பொதுக் குளியல் கூடத்தில் தரை தேய்த்து, துணி வைக்கும் கூடைகளை அடுக்கிக்கொண்டிருக்கிறேன். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு இந்த வேலை பொருத்தம்தான். யாரோடும் பேச வேண்டியதில்லை.

பேசாமல் இருந்ததைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அரிசிக்கடை குசகாபே அம்மாவின் பவளக் கொண்டை ஊசி காணாமல் போன சாயங்காலத்தை நீ மறந்திருக்க மாட்டாய். உடை மாற்றும் அறையில் உன்னோடு சேர்த்து ஆறு பேர் இருந்தார்கள். நீ ஆறாவது வகுப்பில் ஒரு அழிரப்பரை எடுத்து மாட்டிக்கொண்டவள் என்பதால் ஐந்து பேரும் உன்னைத்தான் பார்த்தார்கள். யாரும் கேட்கும் முன்பே நீ பையைக் கவிழ்த்துக் காட்டினாய். சோப்பும் துண்டும் ஒரு ஆரஞ்சும் விழுந்தன. குசகாபே அம்மா மெதுவாக, "பைக்குள்ள வைக்கிற அளவுக்கு அவ என்ன முட்டாளா?" என்றார். பை காலியாக இருந்ததே உனக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. இனிமேல் எல்லோரும் குளித்து முடித்த பிறகு கடைசித் தண்ணீருக்கு வா என்று முதலாளியம்மா உன்னிடம் சொன்னார். அதன் பிறகு நீ வரவே இல்லை.

பன்னிரண்டு நாள் கழித்துக் கூடைகளைக் கழுவி வெயிலில் காயவைத்தேன். ஒரு கூடையின் அடியில், பின்னல் பிரிந்த இடத்தில் அந்த ஊசி செருகிக்கொண்டிருந்தது. எடுத்துக்கொண்டு முதலாளியம்மாவிடம் ஓடினேன். அவர் அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். "நான் குடுத்துக்கறேன். நீ வாயத் தொறக்காத. ஊருக்கெல்லாம் எழுதி அனுப்பின தெருச் சங்கத் தலைவர் மூஞ்சிய எங்க வச்சுக்குவாரு?" என்று சொல்லி, என் கையில் ஒரு பயறு உருண்டையை வைத்தார். நான் அதைத் தின்றேன், தமாகி. நன்றாக இருந்தது.

தலைவர் என்ன எழுதினார் என்பது உனக்குத் தெரியாது. தெரியாமல் போனதற்கும் நான்தான் காரணம். வீடு வீடாகச் சுற்றும் சங்கத்து அறிவிப்புப் பலகை, படித்ததற்கு அடையாளமாக எங்கள் வீட்டில் முத்திரை வாங்கிக்கொண்டு அடுத்து உங்கள் வீட்டுக்குத்தானே வரும்? பெண்கள் குளிக்கும் பக்கத்தில் பொருள்கள் திருடு போகின்றன, அக்கம்பக்கத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று ஊசி காணாமல் போன அந்த வாரம் அதில் எழுதியிருந்தது. பெயர் போடவில்லை. போடத் தேவையும் இல்லை. என் அம்மா முத்திரை குத்திவிட்டு, "அவங்களப் பத்தி எழுதினத அவங்க கையிலயே எப்படிடி குடுக்கறது? தாண்டிப் போய் அடுத்த வீட்டுல குடுத்துட்டு வா" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, கூச்சத்தில் சொன்னாள். நான் உங்கள் வாசலைத் தாண்டி நடந்தேன். மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த நீ என்னையும் என் கையில் இருந்த பலகையையும் பார்த்தாய்.

ஒரு முறை தாண்டியது அப்படியே பழக்கமாகிவிட்டது. அடுத்த மாதம் குப்பை எடுக்கும் நாள் மாறியது. அது பலகையில்தான் வந்தது. உன் அம்மா பழைய நாளிலேயே மூட்டையை வைத்தார், காக்கைகள் தெருவெல்லாம் இறைத்தன. சாக்கடை சுத்தம் செய்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டிலிருந்து ஆள் வரவில்லை. அந்த வீடே அப்படித்தான் என்றார்கள். ஏன் அப்படி என்பது எங்கள் வீட்டுக்குத் தெரியும். நாங்கள் வாயைத் திறக்கவில்லை.

நீ டோஃபு கடை வேலையை விட்டதும், ஸ்டேஷன் பக்கம் திரியும் பெண்களோடு சேர்ந்ததும் அதற்குப் பிறகுதான். ஸ்டேஷனில் ஒருவருடைய கைப்பையை நீ எடுத்தது உண்மை; அதற்காகத்தான் உன்னை அங்கே அனுப்பினார்கள். அதை இல்லையென்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் விசாரணையில் நீ சொன்னதாக ஒரு பேச்சு தெருவுக்கு வந்தது. "எப்படியும் என்னத்தான் திருடின்னு சொல்லப்போறீங்க. எடுத்துட்டே அதக் கேட்டுக்கறேன்." எல்லோரும் அதைத் திமிர் என்றார்கள்.

போன வாரம் பாய்க்கடை நெஸு ஐயா எங்கள் வீட்டுக்கு வந்தார். விடுதலையாகி வருகிறவர்களுக்குப் பொறுப்பேற்கும் தொண்டர் அவர். மார்ச் கடைசியில் விடுதலையானதும் நீ எங்கே போவது என்று எழுதி அனுப்ப வேண்டுமாம். வடக்கே மாமா வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்கிறார்கள் தெருவில். குப்பை மூட்டையைக்கூட ஒரு காரணமாகச் சொன்னார்களாம். உன் அம்மாவும் தலைகுனிந்து சம்மதித்துவிட்டாராம். நெஸு ஐயா என்னிடம், "நீ அவ சிநேகிதிதானேம்மா. ஏதாச்சும் சொல்லணுமா?" என்று கேட்டார். நான் வழக்கம்போலத் தரையைப் பார்த்தேன். அவர் தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் பலகை எங்கள் வீட்டுக்கு வந்தது. தீயணைப்புப் பயிற்சி பற்றிய அறிவிப்பு. அதன் அடியில் இருந்த காலி இடத்தில் நான் எழுதினேன்: ஊசி கூடையில் இருந்தது, கண்டெடுத்தவள் நான், தமாகி எடுக்கவில்லை, பலகையை அவர்கள் வீட்டைத் தாண்டிக் கொண்டுபோனவளும் நான். அம்மா அதைப் படித்தாள். பிறகு, "நாளைக்கு நம்ம வீட்டையும் தாண்டிப் போவாங்க. தெரிஞ்சுதானே செய்யற?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். அவளே முத்திரையை எடுத்துக் குத்தினாள்.

உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினேன். உன் அம்மா நின்றபடியே இரண்டு தடவை படித்தார். என்னைத் திட்டவில்லை. உள்ளே போய் முத்திரையைத் தேடினார். மைப்பஞ்சு காய்ந்து கிடந்தது. வாயைக் கிட்டே வைத்து மூச்சால் ஈரமாக்கிக் குத்தினார். பாதிதான் விழுந்தது.

பலகை சுற்றி முடித்து வந்துவிட்டது. பதினாறு வீடுகளில் பதினான்கு முத்திரைகள். குசகாபே அம்மாவும் தலைவரும் குத்தவில்லை. மற்றவர்கள் ஒரு சொல்கூட எழுதவில்லை. வழியில் பார்த்தால் குளிரைப் பற்றிப் பேசுகிறார்கள். முதலாளியம்மா என்னை வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை. நான் எழுதியதால் என்ன மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. பன்னிரண்டாம் நாளே எழுதியிருந்தால் என்ன மாறியிருக்கும் என்பது தெரியும்.

நெஸு ஐயா இந்த மாதம் உன்னைப் பார்க்க வருவார். மாமா வீடா இங்கேயா என்று கேட்பார். நீ எங்கே போனாலும், முதலில் உன்னைப் பார்க்கிறவர் உன்னைப் பற்றி எதையும் கேள்விப்படாதவராக இருக்கட்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இந்தத் தெருவில் அப்படி ஒருவர் கிடைக்க மாட்டார். வா என்று சொல்லும் உரிமையும் எனக்கு இல்லை.

ஆனாலும் வா, தமாகி.

இப்படிக்கு,
பக்கத்து வீட்டுக் கினுயே