வெள்ளிக்கிழமை வைத்த கருவாட்டுக் குழம்பு

மதினி,

இன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். வெள்ளிக்கிழமை என்பது தெரியாமல் வைத்தேன். ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டும் வாசம் போகவில்லை. தையல் மிஷின் மேல் அடுக்கியிருக்கும் துணியில், கதவுத் திரையில், என் தலைமுடியில் எல்லாம் நெத்திலி மணக்கிறது. நாளைக்கு ரவிக்கை வாங்க வருகிறவள் என்ன சொல்லப் போகிறாளோ, அதை நாளைக்குப் பார்த்துக்கொள்கிறேன். நடந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருக்கிறது. உங்களை விட்டால் எனக்கு ஆள் இல்லை. நீங்களோ கல்லறைத் தோட்டத்தில் அண்ணனுக்குப் பக்கத்தில் நிம்மதியாகப் படுத்திருக்கிறீர்கள். படுத்துக்கொண்டே கேளுங்கள்.

நீங்கள் போன பிறகு இந்த வீட்டில் குழம்பு கொதிக்கவே இல்லை. உங்களுக்குத்தான் தெரியுமே, குழம்பு உங்களுடைய பாகம், தொட்டுக்கொள்ளும் வெஞ்சனம் என்னுடைய பாகம். நான் இதே வீட்டில் பிறந்து, கல்யாணம் வேண்டாம் என்று தையல் மிஷினோடு உட்கார்ந்துவிட்டவள். நீங்கள் என் அண்ணனைக் கட்டிக்கொண்டு சித்தையன்கோட்டையிலிருந்து வந்தவர். வந்த கொஞ்ச நாளிலேயே அடுப்படியைப் பாகம் பிரித்தீர்கள். "ஏ பிலோமி, என் குழம்புல நீ கை வைக்காத. உன் வெஞ்சனத்துல நான் வாய் வைக்க மாட்டேன்" என்றீர்கள். இரண்டாவது பாதியை நீங்கள் ஒரு நாளும் காப்பாற்றவில்லை. நான் வாழைக்காயை வறுத்துச் சட்டியை இறக்குவதற்குள் கால்வாசி உங்கள் வாய்க்குள் போயிருக்கும். கேட்டால் உப்புப் பார்த்தேன் என்பீர்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பொய் சொல்லக் கூடாது என்று மிரட்டுகிற டீச்சர்!

ஆக, இத்தனை மாதமாக நான் சாப்பிட்டதெல்லாம் வெஞ்சனமும் மோரும்தான். குழம்பு வைக்கத் தெரியாமல் இல்லை. உங்கள் பாகத்தில் கை வைக்க மனசு வரவில்லை.

இன்றைக்கு வைத்ததற்குக் காரணம் உங்கள் மகன். கோயம்புத்தூரிலிருந்து போன வாரம் அருள் போன் பண்ணினான். "அத்தே, அம்மாவோட வருஷப் பூசைக்கு நினைவு அட்டை அடிக்கக் குடுக்கணும். முன்னாடி போட்டோ. பின்னாடி எல்லாரும் பைபிள் வசனம் போடுவாங்க. நாம, அம்மா சாப்புடுறப்ப ஒண்ணு சொல்லும்ல, அதப் போட்டுருவோம். ஒரு நாலஞ்சு சொல்லுங்க, அட்டை நெறைஞ்சிரும்" என்றான். ஏதோ கடையில் நாலஞ்சு எலுமிச்சம்பழம் கேட்கிற மாதிரி கேட்கிறான். "எழுதியா வச்சிருக்கு? செத்த பொறுப்பா, யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன்.

யோசித்துப் பார்த்தேன், மதினி. நீங்கள் சொன்னதையெல்லாம் கேட்டவர் யார்? அண்ணன் போய்விட்டார். அருள் படிப்பு, வேலை என்று வெளியூரிலேயே இருந்தவன், லீவுக்கு வந்தால் கேட்டதுதான். மிச்சம் நானும் பூனைகளும். நான் மறந்துவிட்டால் அவை சொல்லப்படவே இல்லை என்று ஆகிவிடும். நான் மறந்துகொண்டிருக்கிறேன்.

அந்தப் பழக்கம் எப்போது ஆரம்பித்தது என்றுகூட நினைவில்லை. சாப்பாட்டுச் செபம் முடிந்து சிலுவை போட்டுக்கொண்டதும் உங்கள் கண் ஒரு சுற்றுச் சுற்றும். தட்டு, அடுப்பு, ஜன்னல், ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் பூனை. பிறகு ஒரு வரியோ இரண்டு வரியோ சொல்வீர்கள். அதைச் சொல்லி முடிக்கிறவரை யாரும் முதல் கவளத்தை வாயில் வைக்கக் கூடாது. "டீச்சரு, சோறு ஆறுது" என்று அண்ணன் அலுத்துக்கொள்வார். சைக்கிள் கடையில் காலையிலிருந்து பஞ்சர் ஒட்டிவிட்டு வந்த பசி அவருக்கு. ஆனாலும் காத்திருப்பார். ஒரு நாள் நீங்கள் ஒன்றும் சொல்லாமல் சோற்றைப் பிசைந்ததும், "என்ன, ஒடம்புக்கு முடியலையா?" என்று பயந்துபோய்க் கேட்டவரும் அவர்தான்.

கவிதை என்று சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும். "கவிதையெல்லாம் மைக்கு பிடிக்கிறவுக சொல்றது. நான் சோத்துக்குச் சொல்றேன்" என்பீர்கள். எழுதி வைக்கவும் விட மாட்டீர்கள். அருளின் மனைவி ஒரு தடவை உங்களுக்குத் தெரியாமல் ரெக்கார்டு பண்ணுவதற்காகப் போனைத் தண்ணீர்ச் செம்புக்குப் பின்னால் சாய்த்து வைத்தாள். உங்கள் கண்ணுக்குத் தப்புமா? செபம் முடிந்தது. எல்லோரும் காத்திருந்தோம். "சாம்பார்ல உப்புக் கம்மி" என்றீர்கள். அந்தப் பிள்ளை அதையும் கவிதை என்று நினைத்து, "சூப்பர் அத்தை" என்றது. அண்ணனுக்குப் புரையேறிவிட்டது.

எனக்கு முழுதாக நினைவிருப்பதில் ஒன்று, மேஸ்திரியைப் பற்றியது. தான் ஒரு வேலையும் செய்யாமல் அடுத்தவர் வேலையை மட்டும் மேற்பார்வை பார்க்கிறான் என்று நம் கறுப்புப் பூனைக்கு நீங்கள் வைத்த பெயர். ஓய்வு பெற்ற பிறகு உங்களுக்குக் கடிகாரம் பார்க்கப் பிடிக்காது. மேஸ்திரி காலையில் கதவோரம் வெயிலில் படுப்பான். வெயில் நகர நகர அவனும் நகர்ந்து அடுப்படி நிலைப்படிக்கு வந்துவிட்டால் உலை வைப்பீர்கள். அன்றைக்கு முருங்கைக்கீரை பொரியல். என்னைப் பார்க்காமல் அவனைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள்:

"வெயில் நகந்தா பூனை நகரும்,
பூனை நகந்தா நான் உலை வைப்பேன்.
சூரியன் எனக்குச் சோறு வடிக்கச் சொல்லி
ஆளனுப்புது."

நான் சிரித்தேன். "அந்த ஆளுக்குச் சம்பளம்?" என்று கேட்டேன். "மீன் தலை" என்றீர்கள்.

இன்னொன்று வெள்ளிக்கிழமையைப் பற்றியது. வெள்ளிக்கிழமை நம் வீட்டில் கவுச்சி சேர்க்காத சுத்த போசனம். மீனுக்கு விலக்கு உண்டு என்று பங்குச்சாமியே வீடு சந்திக்க வந்தபோது சொன்னார். நீங்கள் அவரிடமே, "கவுச்சி கவுச்சிதான் சாமி" என்றீர்கள். அடுத்த வீட்டில் பாத்துமாவுக்கோ வெள்ளிக்கிழமைதான் கறி எடுக்கிற நாள். மேஸ்திரியும் இன்னொரு பூனை உப்பும் காலையிலேயே சுவர் தாண்டிவிடும். வெள்ளை வெளேரென்று இருக்கிற உப்பு மற்ற நாளில் எந்த வீட்டுக்கும் போகாத கூச்சக்காரி, அவளும் போவாள். வெறும் ஜன்னலைப் பார்த்துவிட்டு நீங்கள் சொன்னீர்கள்:

"கறி கூடாதுன்னு
நாம வேதம் படிச்சோம்.
பாய் வீட்டு வழியப்
பூனை படிச்சிருச்சு."

இவையெல்லாம் இருக்கின்றன. எனக்கு வேண்டியது வேறொன்று. அண்ணன் போய் முப்பதாம் நாள் பூசை முடிந்து, உறவெல்லாம் கிளம்பி, நாம் இருவரும் முதல்முறையாகத் தனியாகச் சாப்பிட உட்கார்ந்த அன்று சொன்னது. அன்றைக்கு நீங்கள் வைத்தது நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, அவருக்குப் பிடித்தது. அவருடைய தட்டை மேடையில் கவிழ்த்து வைத்திருந்தோம். உப்பு போய் அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். நான் விரட்டப் போனேன். நீங்கள் கையைப் பிடித்துத் தடுத்தீர்கள். "கவுத்துன தட்டு மேல பூனை உக்காந்துச்சு" என்று ஆரம்பித்தீர்கள். அதற்குப் பிறகு ஒரு வரி உண்டு, மதினி. சின்ன வரி. அதைக் கேட்டு நான் கதறி அழுதேன், பிறகு இருவரும் சாப்பிட்டோம். சாப்பிட முடிந்தது. அந்த வரியால்தான் முடிந்தது. அது என்ன என்று இப்போது எனக்குத் தெரியவில்லை.

என்னென்னவோ போட்டுப் பார்த்தேன். காவலுக்கு உட்கார்ந்தது என்று சொன்னீர்களா? சூட்டைத் தேடி உட்கார்ந்தது என்றா? எல்லாமே வேறு கலர் நூலில் ஒட்டுப்போட்ட மாதிரி தெரிகிறது. கண்டிப்பாக அது நீங்கள் சொன்னது இல்லை.

அதனால்தான் இன்றைக்கு அந்தக் குழம்பையே வைத்துப் பார்ப்போம் என்று புத்தி போயிற்று. வாசம் வந்தால் வரியும் வரும் என்று நினைத்தேன். பைத்தியக்காரத்தனம்தான். உங்கள் சட்டியை எடுத்தேன். புளி கரைத்தேன், கத்தரிக்காய் போட்டேன், நெத்திலியை வெந்நீரில் அலசிப் போட்டேன். கிழமை எனக்கு எப்படித் தெரியும்? காலண்டர் தாள் கிழிப்பதும் உங்கள் வேலைதானே. நான் நினைத்தபோது சேர்த்துக் கிழிக்கிறேன். கோயில் மணி பெரிதாக அடித்தால் ஞாயிறு, மற்றதெல்லாம் எனக்கு ஒரே நாள்.

குழம்பு கொதித்து எண்ணெய் பிரிந்தது. சோறு போட்டேன். பூனைகளைக் காணோம். கருவாட்டை வறுக்கும்போதே தெருக்கோடியிலிருந்து ஓடி வருகிற ஜென்மங்கள். கொல்லைக் கதவைத் திறந்து, "உப்பூ... மேஸ்திரீ..." என்று கூப்பிட்டேன். ஒன்றும் வரவில்லை. நான் வைத்த குழம்பு பூனைக்குக்கூட வேண்டாம் என்று தோன்றிவிட்டது. இந்த வீட்டில் நான் என்ன செய்தாலும் ஏன் என்று கேட்க ஒரு ஜீவன் இல்லையே என்று அங்கேயே நின்று அழுதேன். வெட்கமில்லாமல் சத்தம் போட்டுத்தான் அழுதேன்.

சுவருக்கு மேலே பாத்துமாவின் தலை தெரிந்தது. "என்னக்கா இது, ரெண்டும் எங்க அடுப்படியில உக்காந்திருக்கு, நீங்க ஊரெல்லாம் கூப்பிடுறீங்க? இன்னிக்கு வெள்ளிக்கிழமைல!" என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சி, "ஆமா, எங்கிட்டுருந்து இம்புட்டுக் கருவாட்டு வாசம்? உங்க வீட்லயா?" என்றாள்.

"சேசுவே!" என்று தலையில் கை வைத்துவிட்டேன்.

"பள்ளிவாசல்ல ஜும்மா பயான் ஸ்பீக்கர்ல ஓடுதே, அதுகூடவா காதுல விழல? டீச்சரம்மா இருந்தா உங்கள முழங்கால் போட வச்சிருப்பாங்க" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தேன். அவள், "அக்கா, மத்தியானம் ஆனா டீச்சரம்மா என்னமோ சொல்லுவாங்க, நீங்க சிரிப்பீங்க. அவுக சொல்றது இங்கிட்டு வெளங்காது. சிரிப்பு மட்டும் கேக்கும். இப்பத்தான் ரொம்ப நாளுக்கப்புறம் கேக்குறேன்" என்றாள்.

உள்ளே வந்து குழம்பை மூடி வைத்தேன். போட்ட சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டேன். கவுச்சியைச் சமைத்ததற்குத்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதைச் சாப்பிடவில்லை, சத்தியமாக. சாயங்காலம் பூனைகள் இரண்டும் வாயை நக்கிக்கொண்டே வந்து வெயில் போன இடத்தில் படுத்தன. வாசம் இருந்தது, சட்டி இருந்தது, பூனையும் வந்துவிட்டது. வரி வரவில்லை. இனி வராது என்று அப்போதுதான் எனக்கு நிச்சயமாயிற்று.

அருளுக்குப் போன் பண்ணினேன். "அப்பு, அட்டையில வசனமே போட்டுருப்பா" என்றேன்.

"ஏன் அத்தே, ஞாபகம் வரலையா?"

"பாதி வருது. மீதிய நான் தச்சுப் போட்டா அது உங்கம்மா சொன்னதா இருக்காதுய்யா. பூசை முடிஞ்சதும் நேரா வீட்டுக்கு வாங்க. சோறு போடுறேன். சாப்புடுறப்ப, தெரிஞ்ச மட்டும் சொல்றேன்."

அவன் சரி என்றான். வைத்துவிடுவான் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "அத்தே, குழம்பு யாரு வைப்பா?" என்று கேட்டான். குரல் ஒரு மாதிரி இருந்தது. அவனும் அழுகிறான் என்று தெரிந்தது.

"நான்தாம்ப்பா வைக்கணும்" என்றேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள் மதினி, உங்கள் பாகத்தையும் எடுத்துக்கொள்கிறேன். வேறு வழியில்லை. குழம்பை எப்படியாவது வைத்துவிடுவேன். ஆனால் உங்கள் சொல்லை என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை. இன்றைக்கு அந்த மோர்ச் சோற்றின் முன்னால் செபம் சொல்லி, சிலுவை போட்டு, ஒரு கவளம் உருட்டி எடுத்தேன். வாய்க்குப் போகாமல் கை நடுவிலேயே நின்றுவிட்டது. தினமும் அப்படித்தான் நிற்கிறது. எதற்கு நிற்கிறது என்று கைக்குத் தெரியும். வீடு அமைதியாக இருக்கும். எதிரே யாரும் இல்லை. நீங்கள் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டு, பிறகுதான் சாப்பிடுகிறேன்.