டிக்கெட் எடுத்து உள்ளே போன நாள்

அக்கா,

இன்று காலை எங்கள் தெருவில் ஒரு ஸ்கூல் வேன் கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடித்தது. டிரைவர் திரும்பத் திரும்பச் சாவியைத் திருகினார். கடைசியில் எஞ்சின் இருமிக்கொண்டே உயிர்பெற்றது. டீசல் புகை ஜன்னல் வழியாக அடுப்படி வரைக்கும் வந்தது. என் வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைச் சாத்தப் போனார். "கொஞ்சம் திறந்தே இருக்கட்டும்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. நீங்கள் இருந்திருந்தால் சத்தத்தைக் கேட்டே என்ன கோளாறு என்று சொல்லி, அந்த டிரைவரை நாலு திட்டும் திட்டியிருப்பீர்கள்.

நீங்கள் வேன் ஓட்டி நான் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். நமக்குள் பழக்கம் ஏற்பட்டதே நீங்கள் வண்டியை விட்ட பிறகு. ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ், அடுத்தடுத்த கட்டில். உடம்பிலிருக்கும் ரத்தமெல்லாம் குழாய் வழியாக மிஷினுக்குப் போய்ச் சுத்தமாகித் திரும்பும் வரை கையை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும். முதல் நாள் நான் அழுதுகொண்டே படுத்திருந்தேன். நீங்கள் தலையை மட்டும் திருப்பி, "எந்த ஏரியாம்மா?" என்று கேட்டீர்கள்.

"பாலக்கரை."

"சர்ச்சுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடி சந்துல."

"அந்தச் சந்துல வேன் திரும்பாது. ரிவர்ஸ்லயேதான் வெளிய வரணும்."

அவ்வளவுதான் நீங்கள் சொன்ன ஆறுதல். ஏனோ அழுகை நின்றுவிட்டது.

அந்த நாட்களில் என்னைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள் அக்கா. அதுதான் கஷ்டம். கடைக்குப் போகாதே, வெயில். கல்யாணத்துக்குப் போகாதே, சாப்பாட்டில் உப்பு. திருவிழாவுக்குப் போகாதே, கூட்டத்தில் கையில் யாராவது இடித்துவிடுவார்கள். எல்லாம் என் நன்மைக்குத்தான். ஆஸ்பத்திரி, வீடு, நடுவில் ஓர் ஆட்டோ. கல்லூரி ஆபீசில் இருபது வருஷம் கவுண்ட்டரில் உட்கார்ந்து ஆயிரம் பேருக்குப் பதில் சொன்ன நான், கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குள் வைத்துப் பார்க்கும் பொருளாகிக்கொண்டிருந்தேன்.

உங்களுக்கு என்னைவிட மோசம். முதல் தடவை நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே உங்கள் மகன் வேனை விற்றுவிட்டான். வீட்டுக்கு வந்து பார்த்தால், நிறுத்துகிற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்ததாம். கணவர் போன பிறகு லைசென்ஸ் எடுத்து, உறையூர்ச் சந்துகளில் பிள்ளைகளை ஏற்றி இறக்கி அவனைப் படிக்கவைத்த வண்டி. "கெட்ட எண்ணம் இல்ல பிலோ, அம்மா ரெஸ்ட் எடுக்கட்டும்னு செஞ்சான். அதனால கோவப்படக்கூட முடியல" என்றீர்கள். அதைச் சொன்னபோது மட்டும் உங்கள் குரலில் அந்த அதட்டல் இல்லை.

பிறகு ஒருநாள், மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அறிவித்தீர்கள். "மேலூர்ல வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்குல்ல, அங்க போறோம்."

எதிர்க் கட்டிலில் ஹபீப் பாய் சிரித்தார். வளைகுடாவில் பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்டு வந்து, பெரிய கடைவீதியில் அத்தர் கடை வைத்திருந்தவர். "யாரு போறா?"

"நாமதான் பாய். நீங்க, நானு, பிலோ, இந்தப் பொண்ணு."

இந்தப் பொண்ணு என்றது கார்த்திகாவை. துறையூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள், நம்மில் சின்னவள். காதிலிருந்து இயர்போனைக் கழற்றிவிட்டு, "பூச்சி பாக்கவா அக்கா?" என்றாள்.

அப்போதுதான் சொன்னீர்கள். எத்தனையோ வருஷம் பிள்ளைகளைச் சுற்றுலாவுக்கு அந்தப் பூங்காவுக்கு ஓட்டிக்கொண்டு போயிருக்கிறீர்கள். டீச்சர்களும் பிள்ளைகளும் உள்ளே போவார்கள். நீங்கள் வெளியே பைகளுக்கும் சாப்பாட்டுக் கூடைகளுக்கும் காவல். சாயங்காலம் பிள்ளைகள் ஓடிவந்து, நீலம் பார்த்தோம், மஞ்சள் பார்த்தோம், ஒன்று தலையில் வந்து உட்கார்ந்தது என்று கத்துவார்கள். "நான் கேட்டுக்கிட்டே வண்டி ஓட்டுவேன். ஒரு தடவகூட உள்ள போனதில்ல. இப்ப வண்டியும் இல்ல, காவலும் இல்ல. டிக்கெட் எடுத்து உள்ள போகப்போறேன்."

டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது நீங்கள் கேட்ட கேள்வி இன்னும் அந்த வார்டில் பேசப்படுகிறது. "டாக்டர், மிஷின்ல படுத்து எழுந்த மறுநாள் நான் செத்துடுவேனா?"

அவர் பதறிப்போனார். "ஏம்மா அப்படிக் கேக்குறீங்க?"

"இல்லன்னு சொன்னீங்கன்னா பூங்காவுக்குப் போயிட்டு வரலாம்னுதான்."

அவர் சிரித்துவிட்டார். வெயில் ஏறுமுன் போங்க, தண்ணி அளவு தாண்டக் கூடாது, ஊசி போடுற கையில எதையும் தூக்காதீங்க, மூச்சு வாங்கினா உடனே கிளம்பி வந்துடணும் என்றார். அது போதும் நமக்கு. டாக்டர் சரி என்றார். சரி என்று சொல்லாதவர்கள் மற்ற எல்லோரும்தான்.

என் வீட்டுக்காரர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். நீங்களே போன் போட்டீர்கள். "அண்ணே, சாயங்காலம் உங்க சம்சாரத்த வாசல்ல கொண்டாந்து விட்டுடுவேன். இத்தன வருஷம் ஊரான் புள்ளைங்கள விட்ட ஆளுதான நான்?" உங்கள் மகனிடமும் மறைக்கவில்லை. போகிறேன் என்றீர்கள். வேண்டாம் என்றான். இருந்தும் வாசலில் வேன் வந்ததும் ஏறிவிட்டீர்கள்.

வாடகை வேன். முன்சீட்டில் நீங்கள். காவிரிப் பாலம் ஏறுவதற்குள் அந்த டிரைவர் வியர்த்துவிட்டார். "கிளச்ச இப்படி மிதிச்சா அது எத்தன நாளைக்கு வரும்?" "கண்ணாடியப் பாருங்க தம்பி, பின்னாடி பஸ் வரான்." மாம்பழச் சாலை தாண்டி, மேலூர்ப் பக்கம் திரும்பியதும் இரண்டு பக்கமும் வாழை. குலை தள்ளி நின்றது. கிட்னி கெட்டுப்போன நமக்கு வாழைப்பழம் ஆகாது, ஒன்றுகூட. கார்த்திகா ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு, "எங்க வீட்டுத் தோட்டத்துலயும் இதான் அக்கா, பாத்துக்கிட்டேதான் இருக்கேன். இன்னிக்கு ஒண்ணே ஒண்ணு சாப்டா என்ன?" என்று கேட்டாள். நீங்கள் திரும்பாமலே சொன்னீர்கள்: "நாம எதுத்துக்கிட்டு வந்தது வீட்டு ஆளுங்கள. கிட்னிய இல்ல. ஆப்பிள் கொண்டாந்துருக்கேன், அதச் சாப்பிடு."

பூங்கா வாசலில் டிக்கெட் கவுண்ட்டரில் நீங்கள்தான் நின்றீர்கள். ஐந்து டிக்கெட் எடுத்தீர்கள். "நாலு பேருதானே?" என்றேன். வேனுக்குப் பக்கத்தில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்த டிரைவரைக் கைகாட்டி, "அந்தாளும்தான்" என்றீர்கள். அவர் தயங்கினார். "வண்டியப் பாத்துக்கணும்மா." "வண்டிய ஒருத்தரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க. உள்ள வாங்க."

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலிருக்கும் அந்தக் காட்டுத் துண்டில், செடிகளுக்கிடையே போட்ட பாதையில் நாம் ஐந்து பேர் நடந்தோம். நடந்தோம் என்று சொல்வதைவிட, உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்தோம். அவசரமே இல்லை. முதல் பூச்சியைப் பார்த்தது கார்த்திகா. கறுப்பில் சிவப்புப் புள்ளி. அப்புறம் கண் பழகிவிட்டது. ஒரே புதரில் அத்தனை இருந்தன. நீங்கள் இடுப்பில் கைவைத்து நின்று, பிள்ளைகள் சொன்னதெல்லாம் நிஜமா என்று சரிபார்ப்பது போல ஒவ்வொன்றாகப் பார்த்தீர்கள். "நீலம் இருக்கு. ஆமா, மஞ்சளும் இருக்கு. அதுங்க பொய் சொல்லல." ஹபீப் பாய் வரும்போதே கையில் அத்தர் பூசிக்கொண்டிருந்தார். வாசத்துக்குப் பூச்சி வந்து உட்காரும் என்று கையை நீட்டியபடியே வெகுநேரம் சிலை மாதிரி நின்றார். ஒன்றுகூட வரவில்லை. "பாய், சரக்கு ஒரிஜினல் இல்ல போல" என்றீர்கள். நாம் சிரித்த சிரிப்பில் தோட்டக்காரர் திரும்பிப் பார்த்தார். என் உடம்பு குலுங்கச் சிரித்து எத்தனை காலமாகியிருந்தது.

அல்லிக் குளத்துப் பக்கம் உட்கார்ந்து ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் மகன் வந்தான். பேங்க் உடுப்போடு, கழுத்தில் அடையாள அட்டையோடு, பாதி வேலையில் எழுந்து வந்திருந்தான். முகமெல்லாம் வியர்வை.

"அம்மா, கிளம்புங்க."

நீங்கள் கத்தியை நிறுத்தவில்லை. "டிக்கெட் எடுத்தியா?"

"அம்மா!"

"இல்ல, வாசல்ல கேப்பாங்க. நாங்க எடுத்துருக்கோம்."

"உங்களுக்கு இங்க ஏதாவது ஆச்சுன்னா நான் என்னம்மா பண்ணுவேன்? பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரிகூட இல்ல." அவன் குரல் உடைந்தது. அவன் கோபக்காரன் இல்லை, பயந்துபோன பிள்ளை என்று அப்போது எனக்குத் தெரிந்தது. அப்பாவைப் பறிகொடுத்தவன். உங்களுக்கும் தெரிந்திருக்கும். இருந்தாலும் நீங்கள் இறங்கிவரவில்லை.

"ஆகும்டா. இங்க ஆகலாம், வீட்ல ஆகலாம், மிஷின்லயே ஆகலாம். அதுக்காக ஆகுற வரைக்கும் சுவத்தப் பாத்துக்கிட்டே உக்காரச் சொல்றியா? வேன வித்த, நான் ஒண்ணும் சொல்லல. என்னைய விக்க முடியாது."

அவன் என் பக்கம் திரும்பினான். "ஆன்ட்டி, நீங்களாவது சொல்லக் கூடாதா?"

என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. "நாங்க இன்னும் பாத்து முடிக்கல தம்பி. முடிச்சுட்டு வரோம்."

அவன் திரும்பி நடந்தான். நீங்கள் ஆப்பிள் துண்டை என் கையில் வைத்து அழுத்தினீர்கள்.

வெளியே வந்தபோது அவன் போகாமல் பைக்கில் சாய்ந்து நின்றான். வண்டி நிறுத்தும் திடலில் அந்த பைக்கையும் நம் வேனையும் தவிர வேறு வண்டி இல்லை. நீங்கள் டிரைவரிடம் போய்க் கையை நீட்டினீர்கள். "சாவியக் குடுங்க. ரோட்டுக்கு எடுக்க மாட்டேன். இங்கயே ஒரு ரவுண்டு." மறுப்பார் என்று நினைத்தேன். காலையிலிருந்து திட்டு வாங்கியவர் அவர். ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டு, தானும் பக்கத்துச் சீட்டில் ஏறிக்கொண்டார்.

அக்கா, அந்த ஐந்து நிமிடம்! சீட்டை முன்னால் இழுத்தீர்கள், கண்ணாடியைத் திருப்பினீர்கள், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினீர்கள். வண்டி ஒரு குலுக்கல்கூட இல்லாமல் நகர்ந்தது. வேப்பமரத்தைச் சுற்றி ஒரு வட்டம், பிறகு ரிவர்ஸில் நேர்க்கோடாக அவ்வளவு தூரம். கார்த்திகா விசிலடித்தாள். ஹபீப் பாய் "மாஷா அல்லாஹ்" என்று கைதட்டினார். உங்கள் மகன் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றான். அவனருகே கொண்டுபோய் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, "ஏறுறியா? ஸ்கூலுக்கு விடுறேன்" என்றீர்கள். அவன் ஏறவில்லை. சிரிக்கவும் இல்லை. ஆனால் வீடு வரைக்கும் நம் வேனுக்குப் பின்னாலேயே பைக்கில் மெதுவாக வந்தான். நீங்கள் கண்ணாடியில் அவனைப் பார்த்துக்கொண்டே வந்தீர்கள்.

அதன் பிறகு மாதங்கள் நன்றாகவே போயின. மழைக்காலத்தில் ஒருநாள் உங்கள் கட்டில் காலியாக இருந்தது. சிஸ்டர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டேன். விடியற்காலைத் தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டதாம். வீட்டில்தான், உங்கள் அறையில்தான், எல்லோரும் சொன்னபடி எங்கும் போகாமல் ஓய்வாக இருந்த ஒரு நாளில்தான்.

உறையூர் வீட்டில் உங்களைக் கிடத்தியிருந்தார்கள். உங்கள் சொந்தக்காரப் பெண்மணி ஒருவர், என் காதில் விழ வேண்டும் என்றே சொன்னார்: "ஒடம்பு சரியில்லாதவள ஊர் சுத்த இழுத்துட்டுப் போனா இப்படித்தான் ஆவும்." துக்க வீட்டில் வாயைத் திறக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான். திறந்தேன். "யாரும் அவங்கள இழுத்துட்டுப் போகல. அவங்கதான் எங்களக் கூட்டிட்டுப் போனாங்க. டாக்டரக் கேட்டுத்தான் போனாங்க. அதுக்கப்புறம் எத்தன மாசம் நல்லா இருந்தாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? ஒரு தடவ வந்து பாத்தீங்களா?" உங்கள் மகன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். இன்றுவரை அவன் என்னிடம் பேசியதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. சொன்னதில் வருத்தம் இல்லை.

பூங்காவுக்குப் போன அந்த நாள்தான் உங்களைக் கொண்டுபோனது என்று யாராவது சொன்னால் இப்போதும் சண்டைக்குப் போகிறேன் அக்கா. அந்த நாள் உங்களை எங்கேயும் கொண்டுபோகவில்லை. வேன் போனதிலிருந்து சுவரைப் பார்த்துக் கிடந்த உங்களை எழுப்பி உட்காரவைத்த நாள் அது. நாங்கள் அதோடு நிற்கவும் இல்லை. போன மாதம் மறுபடி போனோம். உங்கள் கட்டிலுக்கு வந்திருக்கும் புதிய அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனோம். அவர் மருமகள் வேண்டாம் என்றாள். கார்த்திகா போன் போட்டுப் பேசினாள், கிட்டத்தட்ட உங்கள் குரலில்.

இன்று என் அண்ணன் மகளுக்கு முசிறியில் கல்யாணம். நேற்று மிஷின், நாளை மறுபடி மிஷின், நடுவில் இன்று ஒருநாள். வீட்டுக்காரருக்குக் காய்ச்சல், அவரால் வர முடியாது. துணையில்லாமல் நீ எப்படிப் போவாய் என்று ஆரம்பித்தார். முன்பெல்லாம் நான் "போகட்டுமா?" என்று கேட்பேன். கேட்டால் பதில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும், அதனால் கேட்பதையே ஒரு கட்டத்தில் விட்டிருந்தேன். உங்கள் பக்கத்துக் கட்டிலில் கிடந்த நாட்களில்தான் என் பேச்சு மாறியது. கஞ்சியும் மாத்திரையும் அவர் பக்கத்தில் எடுத்து வைத்தேன். பட்டுப்புடவை கட்டினேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ சொன்னேன். வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டு, கேள்விக்குறியே இல்லாமல் சொன்னேன்:

"போயிட்டு வரேன்."

பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு கிடைத்திருக்கிறது அக்கா. கண்டக்டர் வருகிறார். நான் டிக்கெட் எடுக்க வேண்டும்.

உங்கள்
பிலோ