மூலையில் மஞ்சள்

கோபக்காரத் தங்கைக்கு,

துண்டுத்துணிப் போர்வைக்கான கட்டங்களைக் கூடத்துத் தரையில் பரப்பியிருக்கிறேன். பறந்துவிடும் என்று மின்விசிறி போடுவதில்லை. உன் அத்தான் சுவரோரமாக நண்டு போல நடக்கிறார். “உங்க சண்டை எப்ப முடியறது, நான் எப்ப காத்து வாங்கறது?” என்கிறார்.

“மஞ்சளை நடுவுல வைக்கணும்கா, உனக்குக் கண்ணே இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனவள் நீ. யாரிடமும் போய் நிற்காமல் தானாகத் தையல் கற்றவள் நான். எனக்குக் கண் உண்டு. மஞ்சள் மூலையில்தான் இருக்கிறது.

அடுத்து உன் சமையலறை ஜன்னலுக்குத் திரை தைக்கப் போகிறேன். அளவைப் போனில் சொல்லாதே, டேப்பைத் தொய்யவிட்டு அளப்பவள் நீ. பழைய திரையை எடுத்துக்கொண்டு நேரில் வா.

வந்ததும் மஞ்சளைப் பற்றிப் பேச்செடுக்காதே. கட்டங்களை இன்னும் இணைத்துத் தைக்கவில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

உன் அக்கா