பாபின் தீர்ந்த சனிக்கிழமைகள்

ஜூன் 7, சனி

மூன்று ஜிப், ஒரு பேண்ட் கால் மடிப்பு, பள்ளிச் சீருடைக் காலர்கள் ஒரு மூட்டை. கழுத்து பிடித்துக்கொண்டது. சாயங்காலம் தையல் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு வழக்கம்போல டீக்கடை.

எங்கள் நாலு பேருக்கும் ஒரு பாஷை உண்டு. அவனவன் தொழிலிலிருந்து எடுத்தது, பட்டப்பேரும் அப்படித்தான். எவன் வீட்டிலிருந்தாவது ஃபோன் வந்தால் 'மூணாவது மாடி'. எவனுக்காவது கோபம் தலைக்கேறினால் 'ரீடிங் ஓடுது'. முதலாவது லிஃப்ட் கொடுத்தது. லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன், அதனால் லிஃப்ட். இரண்டாவது, வீடு வீடாகப் போய்க் கரண்ட் மீட்டர் பார்க்கும் மீட்டர் கொடுத்தது. மருந்துக் கடை வைத்திருக்கும் மாத்திரை கொடுத்தது எதையும் இங்கே எழுத முடியாது. என் பங்கு, தையல் மெஷினில் அடிநூல் சுற்றி வைக்கும் பாபினிலிருந்து, ஒன்றே ஒன்றுதான்: 'பாபின் தீந்துருச்சு'. லிஃப்ட் தன் கதையை ஆரம்பித்துவிட்டான், கிளம்புங்கடா என்று அர்த்தம். இதை மட்டும் லிஃப்டுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கு வேலை ஞாபகம் வந்துவிட்டது என்று அவனாக நினைத்துக்கொண்டான்.

அவன் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு அவள் அண்ணன் வீட்டுக்குப் போனதிலிருந்து அவனுக்கு வேறு பேச்சில்லை. அவள் என்ன சொன்னாள், இவன் என்ன சொன்னான், சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது என்ன — ஒவ்வொரு வாரமும் முதலிலிருந்து. ஆரம்பத்தில் நாங்களும் கேட்டோம். கேட்டோம் என்றுதான் நினைக்கிறேன். இன்றைக்கு, "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்டா" என்று தொடங்கினான். நான் பாபினைச் சொன்னேன். மாத்திரை கடைச் சாவியை எடுத்தான். மீட்டர் அடிக்காத ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு "இதோ வந்துட்டேங்க" என்றான். ஆளுக்கொரு திசை.

தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தான். பார்த்திருக்கக் கூடாது.

ஜூன் 10, செவ்வாய்

சீருடை. சீருடை. கனவிலும் காலர்.

ஜூன் 14, சனி

இன்று நடந்ததை எழுதிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

லிஃப்ட் இன்றும் ஆரம்பித்தான். "அவ அண்ணன் கூப்பிட்டிருக்காரு..." அவ்வளவுதான் சொன்னான். பிறகு எங்கள் முகங்களை ஒரு சுற்று பார்த்தான். நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. அவனே சிரித்துக்கொண்டு, "சரிடா, பாபின் தீந்துருச்சு" என்று எழுந்து போய்விட்டான்.

மீட்டருக்கும் மாத்திரைக்கும் சிரிப்பு அடங்கவில்லை. நம்ம வேலை மிச்சம் என்றான் மீட்டர். நானும் சிரித்தேன், எழுதுவதற்கென்ன, சிரிக்கத்தான் செய்தேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் உறுத்தத் தொடங்கியது. அவனுக்கு அர்த்தம் தெரியுமா, தெரியாதா? தெரியாமல் சொன்னான் என்றால் பாவம். தெரிந்து சொன்னான் என்றால்?

தெரிந்திருக்காது. தெரிந்தவன் சிரிப்பானா?

ஜூன் 18, புதன்

மானம் போயிற்று. என் மானம் போனால் பரவாயில்லை.

மத்தியானம் மீட்டர் பேண்ட் இடுப்பைத் தளர்த்தித் தரச் சொல்லி வந்து உட்கார்ந்திருந்தான். கம்பெனிச் சட்டையோடு லிஃப்ட் வந்தான். வேலை நேரத்தில் அவன் இப்படி வந்ததே இல்லை. "அஞ்சு நிமிஷம் இருக்காடா?" என்றான். அப்போதே ஊசியை நிறுத்திவிட்டு வா என்றிருக்கலாம். நான் மீட்டரைப் பார்த்தேன். பழக்கதோஷம், வாய் தானாகச் சொல்லிவிட்டது: பாபின் தீந்துருச்சு.

உள்ளே பட்டன் தைத்துக்கொண்டிருந்த என் மனைவி காதில் அது விழுந்துவிட்டது. "காலைலதானே எல்லாத்தையும் சுத்தி வச்சேன்" என்று டப்பாவோடு வந்து மேஜையில் கொட்டினாள். வெள்ளை, நீலம், காக்கி — எல்லாம் கழுத்துவரை நூல். ஒன்று உருண்டு லிஃப்ட் பக்கம் போனது. அதைக் கீழே விழாமல் பிடித்தான். கொஞ்ச நேரம் பார்த்தான்.

"நிறையத்தான் இருக்கு" என்று சொல்லி டப்பாவில் போட்டுவிட்டுப் போனான். கோபமே இல்லை. மீட்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ராத்திரி மனைவி விடவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அவர் என்ன கேக்க வந்தாருன்னாவது கேட்டீங்களா?" என்றாள்.

கேக்கல. நான் கேக்கவே இல்ல.

ஜூன் 19, வியாழன்

லிஃப்டைக் கூப்பிட்டேன். ஃபோன் எடுக்கவில்லை.

ஜூன் 21, சனி

லிஃப்ட் வரவில்லை. மாத்திரை சர்க்கரை போடாத டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தான்.

ஜூன் 22, ஞாயிறு

அவன் வீட்டுக்குப் போனேன். வீடு துடைத்து வைத்ததுபோல் இருந்தது. அதுவே எனக்கு பயமாக இருந்தது. மகளுடைய பள்ளி ஷூவுக்குப் பாலிஷ் போட்டு வாசலில் வைத்திருந்தான்.

வழியெல்லாம் பேச வேண்டியதை உருப்போட்டுக்கொண்டு போனேன். உட்கார்ந்ததும் அவனேதான் எடுத்துக்கொடுத்தான்.

"பாபின் பத்திதானே? அது எனக்கு எப்பவோ தெரியும்டா."

"அப்புறம் ஏன்டா அன்னிக்கு நீயே சொன்ன?"

"நீங்க எழுந்து போறதைப் பாக்கறதுக்கு, நானே எழுந்து போறது தேவலை."

புதன்கிழமை எதற்கு வந்தாய் என்று கேட்டேன். நாலு நாள் தாமதமாக. அவன் ஒளிக்கவில்லை. மச்சான் பேச வரச் சொல்லியிருந்தாராம். மனைவியும் அங்கே உட்கார்ந்து பேச ஒத்துக்கொண்டாளாம். தனியாகப் போனால் கத்திவிடுவோம் என்று இவனுக்கே தெரிந்திருக்கிறது. கத்துவதால்தானே அவள் போனாள்.

"உங்கள்ல ஒருத்தன் பக்கத்துல இருந்து 'ரீடிங் ஓடுது'ன்னு மெதுவா சொன்னா போதும், நிறுத்திருப்பேன். அவங்களுக்கும் புரியாது. அதுக்குத்தான்டா கூப்பிட வந்தேன்."

"எப்ப போகணும்?"

"நேத்து போயிட்டு வந்துட்டேன்."

"என்ன ஆச்சு?"

"கத்திட்டேன்" என்றான். "பொண்ணு கதவுக்குப் பின்னாடி நின்னுட்டிருந்தா. நான் பாக்கல."

மன்னிச்சிருடா என்றேன். அதெல்லாம் விடு என்று டீ போட்டுக் கொடுத்தான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கத்தான் கூப்பிட வந்தான். பேசக்கூட வேண்டாம். ரெண்டு வார்த்தை. அந்த ரெண்டு வார்த்தைக்குக்கூட நான் உதவல. வேற ரெண்டு வார்த்தை சொல்லி அனுப்பிட்டேன்.

ஜூன் 28, சனி

வந்தான். லிஃப்டில் மாட்டிக்கொண்ட பெரிய அதிகாரி ஒருவர் உள்ளிருந்தபடியே இவனைச் சஸ்பெண்ட் செய்த கதையைச் சொன்னான். வயிறு வலிக்கச் சிரித்தோம். பழைய லிஃப்ட் திரும்பிட்டான் என்று மீட்டருக்கு ஒரே சந்தோஷம்.

நான் மட்டும் கிளம்பாமல் இருந்து, வீட்டில் எப்படி இருக்கிறார்கள், சொல்லுடா, கேட்கிறேன் என்றேன். "எல்லாம் நல்லா போகுது" என்று என் தோளைத் தட்டினான். இன்னொரு தடவை கேட்டேன். அவன் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டான்.

ஜூலை 5, சனி

லிஃப்ட் வீட்டைக் காலி செய்கிறானாம். அவனுக்கு வீடு வாடகைக்கு விட்டவர் தலைவலி மாத்திரை வாங்க வந்த இடத்தில் மாத்திரையிடம் சொல்லியிருக்கிறார். ஊரான் வாய் வழியாக எங்களுக்குத் தெரிகிறது. அவன் மனைவி இனி வரமாட்டாள் என்பது முடிவாகிவிட்டதாம். இன்று டீக்கடையில் எங்களோடு அவ்வளவு நேரம் இருந்தான், இதில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

லிஃப்ட் வீடு மாறும் நாள். நாங்களாகவே போய் நின்றோம். வேண்டாம் என்று சொல்லவில்லை. பீரோ, கட்டில், மகளுடைய படிக்கும் மேஜை. ஒற்றை அறைக்கு அந்த மேஜை எதற்கு என்று மீட்டர் கேட்க வாயெடுத்தான், நான் கண்ணைக் காட்டினேன். புது இடம் பாலத்துக்கு அந்தப் பக்கம்தான், பத்து நிமிஷத்தில் போய்விடலாம்.

நாங்கள் மூவரும் வேனின் பின்னால் சாமான்களோடு உட்கார்ந்தோம். லிஃப்ட் முன்னால், டிரைவர் பக்கத்தில். நடுவே கையகலக் கண்ணாடி. அவன் வாய் அசைந்துகொண்டே இருப்பது தெரிந்தது. கையை ஆட்டுகிறான், நிறுத்துகிறான், மறுபடி ஆரம்பிக்கிறான். டிரைவர் தலையை ஆட்டிக்கொண்டே ஓட்டினார். எங்களுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை.

வண்டி பாலத்தில் ஏறவில்லை. எங்கெங்கோ சுற்றியது. மாத்திரை கால் மரத்துப்போய், வழி தெரியாத ஆளைப் பிடித்திருக்கிறான் என்று அலுத்துக்கொண்டான்.

இறங்கியதும் லிஃப்ட் சாவியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான். நான் டிரைவரிடம், பாலம் வழியாக வந்திருக்கலாமே என்று கேட்டேன். அவர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்:

"அவர் இன்னும் சொல்லி முடிக்கலையே சார்."